பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு: அன்று அதிகம், இன்று குறைவு, எது உண்மை?

குழந்தை பிறந்து பத்தாவது வாரம். நெஞ்சு படபடக்கிறது, கை லேசாக நடுங்குகிறது என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தால் டி.எஸ்.எச். (தைராய்டுக்குக் கட்டளையிடும் ஹார்மோன்) 0.03 என்று வருகிறது. "தைராய்டு அதிகமா சுரக்குது" என்கிறார்கள். அதே பெண்ணுக்கு ஆறாவது மாதக் கடைசியில் உடம்பெல்லாம் அசதி, மறுபடி பரிசோதனை, இந்தத் தடவை டி.எஸ்.எச். 24. "தைராய்டு ரொம்பக் குறைவு, மாத்திரை போடணும்." வீட்டில் பட்டிமன்றம் தொடங்கிவிடும்: லேப் தப்பா, முதல் டாக்டர் தப்பா, இரண்டாவது டாக்டர் தப்பா?

எண்கள் உதாரணத்துக்காகப் போட்டவை. இந்த வரிசை மட்டும் நிஜத்தில் நன்றாகவே பார்க்கக்கூடியது. ஒரே நோயின் இரண்டு கட்டங்கள் இவை. அந்த "சுரக்குது" என்ற சொல்லில்தான் தப்பு இருக்கிறது. கொஞ்சம் பெரிய தப்பு, அதற்கு மருந்து வரைக்கும் போகிற விளைவு உண்டு.

## முதலில் சுரப்பி எப்படி வேலை செய்கிறது

தைராய்டு கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே இருக்கிற சின்ன சுரப்பி. எடை 15 முதல் 20 கிராம்தான். அது டி4, டி3 என்று இரண்டு ஹார்மோன்களைத் தயாரிக்கிறது. இதயம் எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும், உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், குடல் எவ்வளவு சுறுசுறுப்பாக இயங்க வேண்டும் என்பதில் எல்லாம் இவற்றுக்குக் கை உண்டு.

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்புகிற கட்டளை அது. ரத்தத்தில் டி4 குறைந்தால் "இன்னும் வேலை செய்" என்று பிட்யூட்டரி குரலை உயர்த்தும், டி.எஸ்.எச். ஏறும். டி4 அதிகமானால் வாயை மூடிக்கொள்ளும், டி.எஸ்.எச். இறங்கும். அதனால்தான் டி.எஸ்.எச். அதிகம் என்றால் தைராய்டு குறைவு என்று தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான லேப்களில் கர்ப்பமில்லாத பெரியவர்களுக்கு 0.4 முதல் 4 வரை என்று ஏறக்குறைய இந்த அளவில் வரம்பு போட்டிருப்பார்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது, ஆனால் இந்தக் கட்டுரையே அதன் மேல்தான் நிற்கிறது. தைராய்டு வெறும் தொழிற்சாலை மட்டுமில்லை, கிடங்கும்தான். தயாரித்த ஹார்மோனை இரண்டு மூன்று மாதங்களுக்குத் தேவையான அளவு உள்ளேயே சேர்த்து வைத்திருக்கும்.

## பிரசவம் ஏன் இதைக் கிளறிவிடுகிறது

கர்ப்பத்தில் குழந்தை என்பது தாயின் உடம்புக்குப் பாதி அந்நியம். அதைத் தாக்காமல் இருக்க, தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் போக்கை மாற்றிக்கொண்டு சில விதங்களில் அடங்கி இருக்கும். பிரசவம் முடிந்ததும் அந்தக் கட்டுப்பாடு விலகி, அது பழைய வீரியத்தோடு, சிலருக்கு அதைவிடக் கூடுதலாக, திரும்பி எழும். ஏற்கெனவே தைராய்டு மேல் சத்தமில்லாமல் ஒரு பகை இருந்தால் அது இப்போது வெளியே வரும்.

அந்தப் பகை இருக்கிறதா என்று காட்டுவது டி.பி.ஓ. ஆன்டிபாடி பரிசோதனை. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இது பாசிட்டிவாக இருக்கும் பெண்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை பிரசவத்துக்குப் பிறகு இந்த நோய்க்கு ஆளாகிறார்கள். பிரசவித்த எல்லாப் பெண்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 20 பேரில் ஒருவர். டைப் 1 சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும், முந்தைய பிரசவத்தில் ஒரு முறை வந்தவர்களுக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

இதன் பெயர் பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டைட்டிஸ், அதாவது தைராய்டு சுரப்பியின் அழற்சி. முன்பு தைராய்டு நன்றாக இருந்த பெண்ணுக்கு, பிரசவமாகி ஒரு வருடத்துக்குள் வருவது என்பது இலக்கணம். கருச்சிதைவுக்குப் பிறகும் வரலாம், அங்கே யாரும் இதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை என்பது தனிச் சோகம். 1948-லேயே நியூசிலாந்தில் ராபர்ட்டன் என்ற மருத்துவர், பிரசவத்துக்குப் பிறகு அசதி, குளிர் தாங்காமை, முடி மாற்றம் என்று வந்த பெண்களுக்குத் தைராய்டு சாறு கொடுத்ததில் குணமானதை எழுதி வைத்தார். 1980-களில் ஜப்பானில் அமினோ குழுவினரின் ஆய்வுகள் வந்த பிறகுதான் இது அரிதான நோய் இல்லை என்று உலகம் கவனித்தது.

## கிடங்கு உடைகிறது: மூன்று கட்டங்கள்

1. கசிவுக் கட்டம். பிரசவமாகி ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள். எதிர்ப்பு அணுக்கள் சுரப்பியைத் தாக்க, கிடங்குச் சுவர் உடைந்து சேர்த்து வைத்த ஹார்மோன் ரத்தத்தில் கொட்டுகிறது. டி4 ஏறுகிறது, டி.எஸ்.எச். அடியோடு விழுகிறது. படபடப்பு, வியர்வை, எரிச்சல், கை நடுக்கம், தூக்கம் வராமை, எடை இறக்கம் எல்லாம் வரலாம். கழுத்தில் வலி இருக்காது. (வலியும் காய்ச்சலும் இருந்தால் அது வேறு வகை அழற்சி.) ஒன்றிலிருந்து மூன்று மாதம் இது நீடிக்கும். கிடங்கில் இருப்பு தீர்ந்தால் கொட்டுவதற்கு ஒன்றுமில்லையே, தானாக நிற்கும்.

2. வறட்சிக் கட்டம். பெரும்பாலும் நான்காவது மாதத்திலிருந்து எட்டாவது மாதத்துக்குள் தொடங்கும். கிடங்கு காலி, தொழிற்சாலையும் அடி வாங்கியிருக்கிறது. டி4 இறங்கி, டி.எஸ்.எச். ஏறும். அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, மறதி, மந்தம். டாக்டரிடம் ஓட வைப்பது அநேகமாக இந்தக் கட்டம்தான், முதல் கட்டம் பலருக்குத் தெரியாமலே கடந்துவிடும்.

3. மீட்சி. சுரப்பி மெதுவாக எழுந்து, பலருக்கு முதல் பிறந்தநாள் வாக்கில் இயல்புக்கு வந்துவிடும். எல்லோருக்கும் வருவதில்லை. வருட முடிவில் 10 முதல் 20 சதவீதம் பேருக்குக் குறைபாடு அப்படியே தங்கிவிடுகிறது, சில ஆய்வுகளில் இது இன்னும் அதிகம்.

மூன்றும் வரிசையாக நடப்பது நாலில் ஒருவருக்குத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு வறட்சி மட்டும் வரும், மீதிப் பேருக்குக் கசிவு மட்டும் வந்து போய்விடும்.

ஆக, அந்தப் பத்தாவது வார 0.03-உம் ஆறாவது மாத 24-உம் ஒன்றையொன்று மறுக்கவில்லை. டி.எஸ்.எச். எண்ணைப் பார்க்கும்போது பக்கத்திலேயே "பிரசவமாகி எத்தனையாவது வாரம்" என்று எழுதிப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம் வரும். ரிப்போர்ட்டின் மேல் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள், அடுத்த டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

## கசிவா, உற்பத்தியா?

இப்போது "சுரக்குது" என்ற சொல்லுக்கு வருவோம். டி4 அதிகமாக இருக்க இரண்டு வழிகள். ஒன்று, மேலே சொன்ன கசிவு. இன்னொன்று, கிரேவ்ஸ் நோய், அதில் சுரப்பி உண்மையிலேயே கட்டுக்கடங்காமல் தயாரிக்கிறது, இதுவும் பிரசவத்துக்குப் பிறகு தலைகாட்டக்கூடியது. ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச்., டி4 மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மருந்தோ நேர் எதிர்.

கார்பிமசோல் போன்ற மாத்திரைகள் ஹார்மோன் *தயாரிப்பை* நிறுத்துபவை. கிரேவ்ஸுக்கு அதுதான் தேவை. கசிவில் தயாரிப்பு கூடவே இல்லை, எதை நிறுத்துவது? ஓட்டைக் குடத்துக்குக் குழாயை மூடுகிற கதை. பலன் இல்லை என்பதோடு முடியாது, சுரப்பி வறண்டு போகப் போகிற நேரத்தில் மிச்சமிருக்கும் தயாரிப்பையும் அமுக்கிவிடும். அரிதாக வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பக்க விளைவும் அந்த மருந்துக்கு உண்டு. தேவையில்லாமல் ஏன் அந்த வம்பு?

பிரித்துப் பார்க்க டாக்டர்கள் கவனிப்பவை:

1. காலம். முதல் மூன்று மாதங்களுக்குள் வந்தால் பெரும்பாலும் கசிவு. ஆறு மாதம் தாண்டிப் புதிதாக வந்தால் கிரேவ்ஸ் சந்தேகம் கூடுகிறது.
2. கண்ணும் கழுத்தும். கண் விழி முன்தள்ளி இருப்பது, கழுத்து நன்றாக வீங்கி, ஸ்டெதாஸ்கோப் வைத்தால் ரத்த ஓட்டச் சத்தம் கேட்பது, இவை கிரேவ்ஸ் பக்கம்.
3. ஆன்டிபாடி. டி.ஆர்.ஏ.பி. என்ற ரத்தப் பரிசோதனை கிரேவ்ஸில் பாசிட்டிவாக வரும். பால் கொடுக்கும் தாய்க்கு இதுதான் முதல் தேர்வு, கதிரியக்கம் எதுவும் இல்லை.
4. ஸ்கேன். கதிரியக்க அயோடின் அல்லது டெக்னீஷியம் கொடுத்து, சுரப்பி எவ்வளவு இழுத்துக்கொள்கிறது என்று பார்ப்பார்கள். கிரேவ்ஸில் நிறைய இழுக்கும், கசிவில் ஏறக்குறைய ஒன்றும் இழுக்காது. பால் கொடுப்பவர் என்றால் கொடுக்கும் பொருளைப் பொறுத்துச் சில மணி நேரமோ நாட்களோ பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டிவரும், அயோடின் 131 மட்டும் கூடவே கூடாது. ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் "நான் பால் கொடுக்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இதில் எதுவும் தெளிவாகவில்லை, ஆளும் ஓரளவு நன்றாக இருக்கிறார் என்றால், நான்கு வாரம் பொறுத்து மறுபடி ரத்தம் பார்ப்பதே பல நேரம் நல்ல பரிசோதனை. கசிவென்றால் எண்கள் இறங்கியிருக்கும். கிரேவ்ஸ் என்றால் அப்படியே நிற்கும் அல்லது ஏறும்.

## ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை

அசதி, தூக்கமின்மை, முடி உதிர்வு, அழுகை, எரிச்சல். இந்தப் பட்டியலைக் காட்டி இது என்ன நோய் என்று கேட்டால், "கைக்குழந்தைக்காரி" என்றுதான் யாரும் சொல்வார்கள். அங்கேதான் சிக்கல். இரவில் நான்கு முறை எழுந்து பால் கொடுப்பவருக்கு அசதி இருப்பதில் அதிசயம் என்ன?

சில இடங்களில் வித்தியாசம் தெரியும். குழந்தை தூங்கி, வீடும் அமைதியாக இருந்து, படுக்கவும் நேரம் கிடைத்து, அப்போதும் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டு தூக்கம் வராவிட்டால் அது வெறும் தூக்கக் கடன் இல்லை. உட்கார்ந்தபடி நாடியை எண்ணிப் பாருங்கள், ஓய்விலும் நிமிடத்துக்கு 100-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் சொல்லியாக வேண்டும். மறுபக்கம், மற்றவர்கள் ஃபேன் போடச் சொல்லும்போது இவர் மட்டும் போர்வை தேடுவது, நன்றாக வந்துகொண்டிருந்த பால் காரணமில்லாமல் குறைவது, இவை வறட்சிக் கட்டத்தை நினைவூட்டும்.

முடி விஷயத்தில் ஒரு சமாதானம். பிரசவமாகி இரண்டிலிருந்து நான்கு மாதத்தில் கொத்துக் கொத்தாக உதிர்வது தைராய்டு நன்றாக இருப்பவர்களுக்கும் நடப்பதுதான், ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். அதை மட்டும் வைத்துத் தைராய்டு என்று முடிவுகட்ட முடியாது.

மனச்சோர்வை வேறு மாதிரி பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தால் மனமும் சோரும், ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு தைராய்டு சரியாக இருப்பவர்களுக்கும் வரும். ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லை என்று ஆகாது. சோர்வோடு வருபவருக்கு டி.எஸ்.எச். பார்ப்பது நியாயம், "தைராய்டு மாத்திரை போட்டால் மனசு தானாகச் சரியாகும்" என்று மனநல சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நியாயமில்லை. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால், இல்லாத குரல்கள் கேட்டால், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

## ரிப்போர்ட்டே ஏமாற்றும் இடங்கள்

1. பயோட்டின். முடி உதிர்கிறது என்று நிறையப் பேர் வாங்கிப் போடுகிற மாத்திரை. ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை 30, 35 மைக்ரோகிராம். முடிக்கான மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கும். பல லேப் கருவிகள் பயோட்டினைப் பயன்படுத்தியே ஹார்மோனை அளப்பதால், ரத்தத்தில் அது மிதந்தால் கணக்குக் குழம்பி டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டிவிடும். சில கருவிகளில் டி.ஆர்.ஏ.பி.கூடப் பொய்யாகப் பாசிட்டிவ் ஆகும். உடம்பில் ஒன்றுமே இல்லாமல் காகிதத்தில் மட்டும் கிரேவ்ஸ்! ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், அளவு அதிகம் என்றால் எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. டி.எஸ்.எச். மட்டும் பார்ப்பது. பிரசவத்தில் ரத்தப்போக்கு மிகக் கடுமையாக இருந்தால் அரிதாகப் பிட்யூட்டரியே சேதமாகும், ஷீஹான் நோய்க்குறி என்று பெயர். கட்டளையிடுபவரே விழுந்துவிட்டதால் டி4 குறைந்தாலும் டி.எஸ்.எச். ஏறாது, "நார்மல்" என்றே வரும். பால் சுரக்கவே இல்லை, மாதவிடாய் திரும்பவில்லை, அசதி தாங்கவில்லை, பிரசவத்தில் நிறைய ரத்தம் போனது என்றால் ஃப்ரீ டி4-உம் மற்ற பிட்யூட்டரி ஹார்மோன்களும் பார்க்க வேண்டும். குறிப்பாக, பிட்யூட்டரியின் கட்டளையில் அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசாலையும் பார்க்க வேண்டும். அது குறைவாக இருக்கும்போது தைராய்டு மாத்திரையை முதலில் தொடங்குவது ஆபத்து.

3. அவசரப் பரிசோதனை. டி.எஸ்.எச். மெதுவாக நகரும். மாத்திரை தொடங்கி அல்லது அளவு மாற்றி ஆறு வாரத்துக்கு முன் பார்த்தால் பழைய கதையையே சொல்லும்.

## என்ன சிகிச்சை, எவ்வளவு காலம்

கசிவுக் கட்டத்தில் லேசாக இருந்தால் மருந்தே வேண்டாம், கவனித்தால் போதும். படபடப்பு தாங்கவில்லை என்றால் ப்ரோப்ரனோலால் போன்ற ஒன்றைக் குறைந்த அளவில் சில வாரங்கள் கொடுப்பார்கள். அது ஹார்மோனைக் குறைக்காது, இதயத்தின் ஓட்டத்தை மட்டும் அடக்கும், பால் கொடுக்கும்போதும் பயன்படுத்தக்கூடியது. ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். படபடப்பு அடங்கியதும் கதை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது, நான்கு முதல் எட்டு வாரத்தில் ஒரு டி.எஸ்.எச். பார்த்தால்தான் வறட்சி வருகிறதா என்று தெரியும்.

வறட்சிக் கட்டத்தில் எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. அறிகுறிகள் இருந்தால், பால் கொடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டால், அல்லது டி.எஸ்.எச். நன்றாகவே ஏறியிருந்தால் லெவோதைராக்ஸின் கொடுப்பார்கள். உடம்பு தயாரிக்கும் அதே டி4-தான் அது. "பாலில் போகுமே, குழந்தைக்கு ஆகுமா" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. சரியான அளவில் போடும்போது பாலில் போவது மிகக் குறைவு, குழந்தையைப் பாதிப்பதில்லை. அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் பாலையும் சேர்த்தே இழக்க நேரிடலாம்.

மாத்திரை வெறும் வயிற்றில், காபிக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். சொல்ல எளிது, விடிகாலையில் குழந்தை அழும்போது யார் மணி பார்ப்பது? இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடுவதும் ஏற்ற வழிதான், இரவுப் பால் நேரத்துக்கு எழும்போது தண்ணீரோடு போட்டுவிட்டுப் படுப்பது பலருக்கு ஒத்துவரும். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம். பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகள் இதைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். அளவு ஏற்றியும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்று வருபவர்களில் சிலருக்கு, எல்லா மாத்திரையையும் ஒரே கையில் விழுங்குவதுதான் காரணம். ஒரு நாள் மறந்தால் பதற வேண்டாம், டி4 உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும்.

கர்ப்பத்துக்கு முன்பே மாத்திரை போட்டவர்கள் கணக்கு வேறு. கர்ப்பத்தில் ஏற்றிய அளவை, பிரசவமானதும் பழைய அளவுக்கு இறக்கி, ஆறாவது வாரம் பரிசோதிப்பது வழக்கம். இறக்க மறந்து அதே அளவைத் தொடர்ந்தால் மாத்திரையாலேயே படபடப்பு வரும்.

தைராய்டுக்கு நல்லது என்று கடல்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்தை யாராவது சிபாரிசு செய்தால் தள்ளி வையுங்கள். அயோடின் தேவைதான், பால் கொடுப்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது தினம் 250 மைக்ரோகிராம். அளவுக்கு மீறினால் ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் சுரப்பியை அது இன்னும் முடக்கும், பால் வழியாகக் குழந்தையின் தைராய்டையும் தொடும்.

## ஒரு வருடம் கழித்து

மாத்திரை தொடங்கி ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனதும், இன்னும் தேவையா என்று பார்க்க அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, இடையிடையே டி.எஸ்.எச். எடுப்பார்கள். இந்தப் படி பலருக்கு நடப்பதே இல்லை. சிலர் தேவையில்லாமல் வருடக்கணக்கில் தொடர்கிறார்கள், சிலர் "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று தாங்களாகவே ஒரு நாள் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். மறுபடி கர்ப்பமாக இருந்தாலோ, முயற்சி செய்துகொண்டிருந்தாலோ அது குறைத்துப் பார்க்கும் நேரம் இல்லை. கருவின் மூளை வளர்ச்சிக்குத் தொடக்க மாதங்களில் தாயின் டி4-தான் ஆதாரம்.

முழுதும் சரியானவர்களும் வருடத்துக்கு ஒரு முறை டி.எஸ்.எச். பார்த்துக்கொள்ள வேண்டும், குறைபாடு சில வருடம் கழித்து நிரந்தரமாக வந்து உட்காரலாம். அடுத்த பிரசவத்துக்குப் பிறகு இது திரும்ப வரும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம். அதனால் அந்தப் பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போதே இரண்டு தேதிகளைக் குறித்து வாங்கிவிடுவது நல்லது: ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு பரிசோதனை, ஆறாவது மாதம் இன்னொன்று.